டப்பாவில் 24 கிராம் என்று போட்டிருக்கிறது... அத்தனையும் புரதம்தானா?

பேரங்காடியில் ஒரு சுற்று வந்தாலே போதும். ரொட்டிப் பொட்டலத்தில் ‘கூடுதல் புரதம்’. பால் பெட்டியில் ‘இருமடங்கு புரதம்’. பிள்ளைகளின் பிஸ்கட்டில் புரதம், அம்மா வாங்கும் கொலாஜன் பானத்தில் புரதம், ஜிம்முக்குப் போகும் தம்பி தோளில் சுமந்து வரும் பெரிய கறுப்பு டப்பாவிலும் புரதம். வானொலியில் உணவைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒரு காலத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் பற்றியே கேட்ட நேயர்கள் இப்போது கேட்கும் முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் சாப்பிடணும்?” என்பதுதான்.

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. டப்பாவின் பின்புறம் ‘புரதம் 24 கிராம்’ என்று அச்சிடுகிறார்களே, அந்த 24-ஐ எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் மாவைப் போட்டால் புரதம் மட்டும் தனியே வந்து தராசில் உட்கார்ந்துவிடுமா?

இல்லை. பெரும்பாலான நேரங்களில் அந்த எண் புரதத்தை அளந்து வந்ததே அல்ல. வேறொன்றை அளந்து, பிறகு பெருக்கல் கணக்குப் போட்டு வந்தது. அந்தக் கணக்கில் இருந்த ஓர் ஓட்டை, 2008-ஆம் ஆண்டு சீனாவில் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. சிங்கப்பூர், மலேசியக் கடை அடுக்குகள் வரை அதன் அதிர்ச்சி வந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நாம் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு டப்பாவையும் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்ப்போம்.

20 பூக்கள், ஆயிரக்கணக்கான மாலைகள்

முதலில் புரதம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பிரிக்ஃபீல்ட்ஸிலோ தேக்காவிலோ மாலை கட்டும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கூடை கூடையாகப் பூக்கள். எந்தப் பூவுக்குப் பிறகு எந்தப் பூ என்ற வரிசை மாறினால் மாலையும் மாறிவிடும். நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் இப்படியொரு கடைதான். அங்கே இருக்கும் பூக்களுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மொத்தம் 20 வகை. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மாலைதான் புரதம்.

முடியில் இருக்கும் கெராட்டின், இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகள், தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் எல்லாமே புரதங்கள்தாம். பூக்கள் அதே 20. வரிசையும் நீளமும்தான் வேறு.

இந்த வரிசையை முதன்முதலில் முழுமையாகப் படித்துக் காட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடெரிக் சேங்கர். அவர் எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் பலருக்கும் நன்கு அறிமுகமான புரதம்: இன்சுலின். 21, 30 என இரண்டு சரங்கள், மொத்தம் 51 அமினோ அமிலங்கள். இவ்வளவு சின்ன மாலையின் வரிசையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார். 1958-இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார்.

அந்த ஆய்வுக்குப் பின்னர்தான் வரிசையின் அருமை புரிந்தது. பன்றியின் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. மாட்டின் இன்சுலினில் மூன்று வேறுபாடுகள். அதனால்தான், மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் முறை 1982-இல் புழக்கத்துக்கு வரும் வரை, விலங்குகளின் இன்சுலினைக் கொண்டே நீரிழிவு நோயாளிகளைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படித் தப்பிக்க முடியாது. ஹீமோகுளோபினின் பீட்டா சரத்தில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதிலாக வேலின் வந்து உட்கார்ந்துவிட்டால், சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும். சிக்கிள் செல் நோய் என்பது அதுதான். ஒரே ஒரு பூ இடம் மாறியதால் வாழ்நாள் முழுவதும் வேதனை.

மடிந்தால்தான் வேலை

மாலையைக் கட்டியதோடு கதை முடியவில்லை. கட்டிய சரம் தானே மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வர வேண்டும். வடிவம் சரியாக இருந்தால்தான் புரதம் வேலை செய்யும். இதை நம் சமையலறையிலேயே தினமும் பார்க்கிறோம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடான தாச்சியில் ஊற்றியதும் கண்ணாடி போல் இருந்தது வெள்ளையாகக் கெட்டிப்படுகிறதே, அங்கே அமினோ அமிலங்களின் வரிசை மாறவில்லை. மடிப்புதான் பிரிந்தது. பிரிந்த சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிவதும், உறை ஊற்றினால் தயிராவதும், அமிலத்தால் பால் புரதம் தன் நிலை இழந்து ஒன்றுசேர்வதால்தான்.

ஆட்டிறைச்சி வேகவில்லை என்றால் பாட்டிமார்கள் ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவார்கள். காயிலுள்ள பப்பேன் என்ற நொதி, இறைச்சியின் புரதச் சரங்களை நறுக்கிவிடுகிறது. அன்னாசிப் பழத்திலும் இப்படி ஒரு நொதி உண்டு. பச்சை அன்னாசியை ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் அது உறையாது. காரணம், ஜெலட்டின் ஒரு புரதம். அதே அன்னாசியை அகார்-அகாரில் போட்டால் தாராளமாக உறையும். அகார்-அகார் கடற்பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து வகையே தவிர புரதம் அல்ல. பெருநாளுக்கு வண்ண வண்ணமாக அகார்-அகார் செய்யும் நம் வீட்டுப் பெண்கள் நொதியியல் படிக்காமலே இதைச் செய்து வருகிறார்கள்!

புரதம் எப்படியெல்லாம் மடிய முடியும், எப்படி மடியவே முடியாது என்பதற்கு இலக்கணம் எழுதியவர் சென்னையில் பணியாற்றிய ஒருவர் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ஜி.என். ராமச்சந்திரன், 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது முப்பது வயதை ஒட்டிய இளைஞர். துணைவேந்தர் ஏ.எல். முதலியார் அவரை அழைத்து வந்தார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்பது மூன்று சரங்கள் முறுக்கிய முப்புரிக் கயிறு என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மறு ஆண்டு அந்த மாதிரியை மேலும் திருத்தினார்.

1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வெளியிட்டது ‘ராமச்சந்திரன் வரைபடம்’. சரத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தக் கோணங்கள் சில எல்லைகளுக்குள்தான் இருக்க முடியும். அந்த எல்லைகளைத்தான் அவர்கள் ஒரே வரைபடத்தில் காட்டினார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். புரதங்களின் வடிவத்தைக் கணினி மூலம் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இல் வேதியியல் நோபெலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹசாபிஸின் தாயார் சிங்கப்பூரைச் சேர்ந்தவர்.

பீர் ஆலையில் பிறந்த கணக்கு

இப்போது டப்பாவுக்கு வருவோம். மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இருப்பவை கரி, நீரகம், உயிர்வளி ஆகிய தனிமங்கள்தாம். புரதத்தில் இவற்றோடு நைட்ரஜனும் கட்டாயம் இருக்கும். சராசரியாக ஒரு புரதத்தின் எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன். அப்படியானால் உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் எடை வந்துவிடும் அல்லவா? 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25.

நைட்ரஜனை எளிதாக அளக்கும் முறையை 1883-இல் வெளியிட்டவர் யோஹான் கெல்டால். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். பார்லியில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பது பீர் தயாரிப்பவர்களுக்கு முக்கியம். புரதம் கூடினால் பீர் கலங்கும். அவருடைய முறையில் தானியத்தைக் கடுமையான கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்துக் கரைத்துவிடுவார்கள். அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியமாக மாறும். காரம் சேர்த்தால் அது அம்மோனியா வாயுவாக வெளிவரும். அதைப் பிடித்து அளப்பார்கள். இன்று பல ஆய்வுக்கூடங்கள் அமிலத்தை விட்டுவிட்டு, உணவை எரித்து வரும் நைட்ரஜன் வாயுவைச் சில நிமிடங்களில் அளக்கும் இயந்திரங்களைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அடிப்படைக் கணக்கு அதேதான்: நைட்ரஜன் பெருக்கல் 6.25. உணவுக்கான அனைத்துலகத் தர நெறியான கோடெக்ஸும் பொதுவாக இந்த எண்ணையே ஏற்கிறது. பாலுக்கு 6.38, அரிசிக்கு 5.95, கோதுமை மாவுக்கு 5.7 என்று சில உணவுகளுக்குத் தனி எண்கள் உண்டு.

மலிவான முறை, நம்பகமான முறை, 140 ஆண்டுகளாக நிலைத்து நிற்கும் முறை. அதில் ஒரே ஒரு குறை. அந்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டும்தான் தெரியும். அது புரதத்திலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று அதற்குத் தெரியாது.

2008: பாலில் கலந்த பொய்

மாமாக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் நாம் சாப்பிடும் வண்ணத் தட்டுகள் பலவும் மெலமைன் தட்டுகள். அந்தப் பிசின் தயாரிக்கப் பயன்படும் வெள்ளைத் தூளுக்கும் மெலமைன் என்றுதான் பெயர். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதாவது 1 கிராம் மெலமைன், கெல்டால் சோதனையின் கண்ணுக்கு 4 கிராமுக்கும் அதிகமான ‘புரதமாக’த் தெரியும்.

சீனாவில் சிறு பண்ணைகளிலிருந்து பாலைச் சேகரித்து நிறுவனங்களுக்கு விற்கும் இடைத்தரகர்கள் இருந்தார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் புரத அளவு குறையும், நிறுவனம் வாங்க மறுக்கும். எனவே தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைச் சேர்த்தார்கள். சோதனையில் எண் சரியாக வந்தது. பால் தேறியது. இப்படிக் கலப்பதற்கென்றே மெலமைன் கலவையைத் தயாரித்து விற்றவர்களும் இருந்தார்கள். அதை அவர்கள் விற்ற பெயர் என்ன தெரியுமா? ‘புரத மாவு’.

2008 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கற்கள். பிறகு மற்ற நிறுவனங்களின் பாலிலும் மெலமைன் கண்டுபிடிக்கப்பட்டது. மெலமைன், குழந்தைகளின் சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாகிறது. பெரியவர்கள் எத்தனையோ உணவுகளைச் சாப்பிடுகிறோம். கைக்குழந்தைக்கோ மூன்று வேளையும் அந்தப் பால்தான் உணவு. அதனால்தான் நஞ்சு முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. ஏறக்குறைய 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 50,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. குற்றவாளிகளில் இருவருக்கு 2009 நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நிறுவனத்தின் தலைவிக்கு ஆயுள் தண்டனை.

சிங்கப்பூரின் உணவு ஆணையம் 2008 செப்டம்பர் 19-ஆம் தேதி சீனாவின் பால், பால் பொருள்கள் அனைத்தின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்தியது. நம்மில் பலர் சிறுவயதில் தாளோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்ட ‘ஒயிட் ராபிட்’ மிட்டாயிலும் மெலமைன் இருப்பது தெரியவந்தது. மலேசியாவிலும் சீனப் பால் கலந்த பொருள்கள் தடுக்கப்பட்டன. 2010-இல் கோடெக்ஸ், குழந்தைப் பால்மாவில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் மெலமைன் இருக்கக்கூடாது என்று எல்லை வகுத்தது.

இதில் மனத்தை மிகவும் வருத்தும் செய்தி ஒன்று உண்டு. இது முன்னறிவிப்பே இல்லாமல் வந்த ஆபத்து அல்ல. 2007-லேயே சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்து, அதைக் கொண்டு செய்த தீவனத்தைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. சோதனையின் ஓட்டை அப்போதே உலகுக்குத் தெரிந்துவிட்டது. அதை அடைக்கும் வழியும் கடினமானது அல்ல. பாலில் ஓர் அமிலத்தைச் சேர்த்தால் உண்மையான புரதம் திரிந்து அடியில் தங்கும், மெலமைன் நீரிலேயே நின்றுவிடும். அடியில் தங்கியதில் மட்டும் நைட்ரஜனை அளந்தால் பொய் வெளிப்பட்டிருக்கும். ஒரே ஒரு கூடுதல் படி.

பூவைப் பிரித்து எண்ணும் சோதனை

அப்படியானால் உண்மையான புரதத்தை அறிவது எப்படி? மாலையைப் பிரித்துப் பூக்களை வகை வகையாக எண்ணிவிடுவதுதான் நேர்மையான வழி. இதற்கு அமினோ அமிலப் பகுப்பாய்வு என்று பெயர். உணவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 110 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருப்பார்கள். சரங்கள் அறுந்து அமினோ அமிலங்கள் தனித்தனியாகும். பிறகு ஒரு நீண்ட குழாயின் வழியாக அவற்றை ஓடவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடி, வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். வெளியே வருவதை நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளோடு கலந்தால் ஊதா நிறம் தோன்றும். நிறத்தின் அழுத்தத்தை வைத்து அளவு சொல்லிவிடலாம். இதே நின்ஹைட்ரினைத்தான் காவல்துறையினர் காகிதத்தில் பதிந்த விரல் ரேகையைக் காணப் பயன்படுத்துகிறார்கள். நம் வியர்வையிலும் அமினோ அமிலங்கள் இருக்கின்றனவே!

இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவியை 1958-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டைன், ஸ்டான்ஃபோர்டு மோர். 1972-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஒரு சிக்கலும் உண்டு: சூடான அமிலத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அழிந்துவிடும். அதைத் தனியாகக் காரத்தில் பிரித்து அளக்க வேண்டும். எனவே நேரமும் செலவும் அதிகம். எல்லா நிறுவனமும் எல்லா டப்பாவுக்கும் இதைச் செய்வதில்லை.

அந்த இடைவெளியில்தான் இன்றைய புரத மாவுச் சந்தையிலும் ஒரு தந்திரம் நுழைந்தது. மோர்ப் புரதமான வே விலை கூடியது. கிளைசின் என்ற அமினோ அமிலமும் கிரியேட்டினும் அதைவிட மலிவானவை, நைட்ரஜன் நிறைந்தவை. அவற்றைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் கூடும், லேபிளில் புரத எண்ணும் கூடும். இவை மெலமைன் போல் நஞ்சு அல்ல. ஆனால் 24 கிராம் முழுப் புரதத்துக்குக் காசு கொடுத்தவருக்கு அது கிடைக்கவில்லை. மல்லிகைச் சரம் கேட்டவருக்கு நடுநடுவே இலையை வைத்துக் கட்டி எடைபோட்டுக் கொடுத்தது போலத்தான். அமெரிக்காவில் இதற்காக வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன.

கிராம் மட்டும் பார்த்தால் போதாது

சரி, டப்பாவில் இருப்பது கலப்படமில்லாத புரதமே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லாப் புரதமும் ஒன்றல்ல. 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடலால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். இந்த ஒன்பதில் ஒரு பூ தீர்ந்துவிட்டாலும், மற்ற கூடைகள் நிரம்பியிருந்தும் மாலைக் கடையில் வேலை நின்றுவிடும்.

அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. பருப்பில் லைசின் ஏராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் போதுமான அளவு இருக்கிறது. இப்போது நம் தட்டைப் பாருங்கள். இட்லியில் அரிசியும் உளுந்தும். பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும். சோற்றுக்குச் சாம்பார். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அன்றைய நாளுக்குள் இரண்டும் உடலில் சேர்ந்தால் போதும். சைவ உணவு உண்பவர்களுக்குப் புரதமே கிடைக்காது என்று யாராவது சொன்னால், இட்லியைக் காட்டுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தட்டு நிறையச் சோறும், மேலே ஒரு கரண்டி தண்ணீர்ச் சாம்பாரும் இந்தக் கணக்கில் சேராது. பருப்பு கண்ணில் பட வேண்டும்.

இனி கொலாஜனுக்கு வருவோம். ராமச்சந்திரன் வடிவம் கண்ட அந்த முப்புரிக் கயிற்றில், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் இருக்கும். கயிற்றின் உள்பக்கம் இடம் குறுகலாக இருப்பதால், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே பொருந்தும். ஒன்பது கட்டாய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் அறவே இல்லை. அதனால், புரதத்தின் தரத்துக்கு மதிப்பெண் போடும் முறையில் முட்டைக்கும் பாலுக்கும் முழு மதிப்பெண் என்றால், தனியாக எடுத்துக்கொண்ட கொலாஜனுக்குக் கிடைப்பது பூஜ்யம். லேபிளிலோ ‘புரதம் 10 கிராம்’ என்று கம்பீரமாக நிற்கும்.

“தோலுக்கு நல்லதாமே?” என்று கேட்பீர்கள். குடித்த கொலாஜன் நேராகக் கன்னத்துக்குப் போய் உட்கார்ந்துவிடாது. இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்கிறோம்? விழுங்கினால் வயிறும் குடலும் அதைச் சாதாரண உணவுப் புரதமாக நினைத்து நறுக்கிவிடும். கொலாஜனுக்கும் அதே கதிதான். தனித்தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று பூக்கள் கோத்த சிறு துண்டுகளாகவும்தான் அது இரத்தத்தில் சேர்கிறது. தோலின் ஈரப்பதத்துக்குச் சிறிய பயன் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் விற்கும் நிறுவனங்களே என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் தன் கொலாஜனைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்கு வைட்டமின் சி அவசியம். ஒரு கொய்யாப்பழம் அதைத் தாராளமாகத் தரும்.

எவ்வளவு போதும்?

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையென்றால் 48 கிராம். காலையில் இரண்டு முட்டை, ஏறக்குறைய 12 கிராம். மதியம் 300 கிராம் சோறு, 8 கிராம். அதனோடு 100 கிராம் சமைத்த மீன், 20 கிராம். இரவு 100 கிராம் தெம்பே, 19 கிராம். கூட்டிப் பாருங்கள், 59 கிராம். ஒரு டப்பாகூடத் திறக்கவில்லை. மீனும் முட்டையும் சேர்க்காதவர்கள் ஒரு குவளைப் பாலில் 8 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எடை தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்குத் தேவை இதைவிடக் கூடுதல். அவர்களில் சிலருக்கு, நேரமில்லாத நாளில் புரத மாவு வசதியாக இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் வீட்டில் புரதம் உண்மையிலேயே குறைவாகச் சாப்பிடுபவர் பெரும்பாலும் அவர்கள் அல்ல. பல் வலிக்கிறது, பசியில்லை என்று இரவில் இரண்டு பிஸ்கட்டையும் ஒரு தேநீரையும் குடித்துவிட்டுப் படுத்துவிடும் தாத்தாவும் பாட்டியும்தான். வயதாக ஆகத் தசை கரைகிறது. விழுந்தால் எழ முடியாமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். மகனின் 300 ரிங்கிட் டப்பாவைப் பற்றிப் பேசும் வீட்டில், பாட்டியின் இரவுச் சாப்பாட்டைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தாங்களாகவே முடிவெடுக்கக் கூடாது. புரதத்திலிருந்து கழிவாகும் நைட்ரஜனை யூரியாவாக வெளியேற்றுவது சிறுநீரகம்தான். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் பெரும்பாலும் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், டயாலிசிஸ் செய்பவர்களுக்கோ கூட்டச் சொல்வார்கள். இரண்டும் நேர் எதிர். எனவே பக்கத்து வீட்டாரின் அளவு உங்களுக்கு ஆகாது. மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேளுங்கள்.

வாங்கும் முன் கவனிக்க

* ‘புரதம்’ என்ற எண்ணோடு நிறுத்தாமல், பொருள்களின் பட்டியலையும் படியுங்கள். பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம். புரத மாவில் கிளைசின், கிரியேட்டின் போன்றவை முன்வரிசையில் இருந்தால் யோசியுங்கள்.

* அமினோ அமிலங்களின் அளவைத் தனி அட்டவணையாகத் தரும் பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள். தனி ஆய்வுக்கூடம் சோதித்த சான்று இருந்தால் இன்னும் நல்லது.

* ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம், 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று இரண்டையும் பாருங்கள். ‘கூடுதல் புரதம்’ என்ற பிஸ்கட்டில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

* ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு காசு என்று கணக்குப் போடுங்கள். முட்டை, தெம்பே, பருப்பு, நெத்திலி ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

* குழந்தைப் பால்மாவை அங்கீகாரம் பெற்ற கடையில், முத்திரை உடையாத டப்பாவாக மட்டும் வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

* மெலமைன் தட்டில் சாதாரணமாகச் சாப்பிடலாம். ஆனால் அதில் உணவை வைத்து நுண்ணலை அடுப்பில் சூடாக்க வேண்டாம்.